மூடு வரலை சார்!

எங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பெருமாள் இருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெளியே வருவார். மற்ற நாளெல்லாம் வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்தில், தண்ணீருக்கு அடியில் சயனம். 1979-ல் வந்தார். அப்புறம் 2019 ஜூலை 1-ம் தேதி தரிசனம் ஆரம்பித்தது. ஊர் திணறியது. என் வீட்டுத் திண்ணையில் எனக்கே இடம் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 17-ல் மறுபடி குளத்துக்குள் போய்விட்டார், அத்தி வரதர்.

"என்ன சார், இப்பல்லாம் கதை எழுதறதில்லையா?" என்று யாராவது கேட்டால், "மூடு வரலை சார். அது அத்தி வரதர் மாதிரி. அடுத்தது 2059" என்பேன். சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை என்பது எனக்கும் என் நாற்காலிக்கும் மட்டும் தெரியும்.

காரணம் ஒரு போன் கால். என் சிறுகதைகளைப் படித்த பதிப்பாளர் ஒருவர் (பெயர் வேண்டாம், நல்ல மனுஷர்) சொன்னார்: "கதையெல்லாம் பிரமாதம் சார். நூறு காப்பி நீங்களே எடுத்துக்கிட்டீங்கன்னா போட்டுடலாம்."

எடுத்துக்கொண்டேன். காப்பி 140 ரூபாய் வீதம் 14,000. நான் பி.காம். என்பதால் கணக்கு வைத்திருக்கிறேன். விற்றது 31. "புத்தகம் போட்டிருக்கியாமே, ஒண்ணு குடேன்" என்று உரிமையோடு வாங்கிப் போனது 44. பரணில் 25. அதற்கப்புறம் எழுத உட்கார்ந்தால் கதை வராது. நூறு இன்ட்டு நூற்று நாற்பதுதான் வரும்.

பதிப்பாளரைத் திட்டிப் பிரயோசனமில்லை. ஆஃப்செட்டில் புத்தகம் போட்ட காலத்தில், ஐம்பது காப்பி அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் பிளேட் செலவு ஒன்றுதான். அதனால் ஆயிரமாக அடித்துத் தொலைப்பார்கள். அத்தனையும் குடோனில் கிடந்தால் அவர் தலையில் துண்டு. ஆகவே கதையைப் படித்துப் பார்த்து, விற்குமா என்று யோசித்து, எடுத்தபின் விற்கப் பாடுபட்டார். இப்போது டிஜிட்டல் பிரிண்டிங்கில் இருபது காப்பிகூட அடிக்கலாம். நிறைய பேர் எழுத வந்தது இதனால்தான், அது நல்லது. ஆனால் நம்மை நம்பிப் பணம் போட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லாமல் போனதும் இதனால்தான்.

பத்திரிகைகளுக்கு அனுப்பலாமே என்கிறீர்களா? 1941-ல் ஆரம்பித்த 'கல்கி'யே 2020-ல் அச்சிடுவதை நிறுத்தி இணையத்துக்குப் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவல்களின் இடத்தில் இன்றைக்குச் சிப்ஸ் பாக்கெட் தொங்குகிறது.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் எதிர்வீட்டுக்குப் போனேன். அங்கே குழித்தறி. ஐம்பது வருஷமாகப் பட்டு நெய்கிறவர். சங்கத்துச் சமாசாரமாக ஏதாவது பாரம் நிரப்ப வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்.

"ஏண்ணே, மூடு வந்தாத்தான் தறியில உக்காருவீங்களா?" என்றேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. மழை வந்தா உக்கார மாட்டேன். குழியில தண்ணி ஊறும்."

அன்றைக்கு அவர் நெய்யவில்லை. பழைய பாவின் முனையோடு புதுப் பாவைப் பிணைத்துக்கொண்டிருந்தார். ஒரு இழை, இன்னொரு இழை, விரலால் ஒரு முறுக்கு. அப்படி ஆயிரக்கணக்கில்.

"புடவை முடிஞ்சுதுன்னு பாவைக் கடைசி வரைக்கும் அறுத்துடக் கூடாது தம்பி. கொஞ்சம் தறியிலயே விட்டு வைக்கணும். அதுல பிணைச்சாத்தான் புதுசு சுலபமா உள்ள வரும். மொத்தமா அறுத்தா, மறுபடி விழுதுலயும் அச்சுலயும் ஒவ்வொரு இழையா கோக்கணும். தாவு தீர்ந்துடும்."

"ஆர்டரே இல்லாம தறி சும்மா கிடந்தா?"

"அப்பவும் அறுக்க மாட்டோம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதுக்கு அப்புறம் ஆர்டர் இருக்கான்னு தெரியல. பையன் ஒரகடத்துல கம்பெனி வேலைக்குப் போயிட்டான்" என்றார். கை மட்டும் நிற்கவில்லை.

ஆறுதலாக எதையாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. எனக்காவது பரணில் 25 காப்பிதான். அவருக்கு அடுத்த புடவையே நிச்சயமில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். எழுத்துக்கு மார்க்கெட் எப்போது இருந்தது? எங்கள் ஊர்க்காரர் பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியர் (1891-1983) வைணவ நூல்களை எழுதியும் பதிப்பித்தும் தள்ளினார். 1956-ல் ராமானுஜர் நூல்களை ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தபோது, அதில் இருந்த விலாசம் காஞ்சிபுரம் கிரந்தமாலா ஆபீஸ். இதே சின்ன காஞ்சிபுரத்தில், 1909-ல் கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, 1942-ல் காஞ்சியிலிருந்தே 'திராவிட நாடு' வார இதழை ஆரம்பித்துக் கதையும் கட்டுரையுமாக எழுதிக் குவித்தார். பிரஸ்ஸில் ஆள் காத்திருக்கும்போது மூடாவது ஒண்ணாவது!

இன்னொருவர் சி.சு. செல்லப்பா. 1959-ல் 'எழுத்து' பத்திரிகை ஆரம்பித்து 1970 வரை நடத்தினார். புத்தகங்களைப் பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். 'சுதந்திர தாகம்' நாவலை 1997-ல், எண்பது வயதைத் தாண்டியபிறகு, தன் செலவிலேயே மூன்று பாகமாக வெளியிட்டார். அதற்கு சாகித்ய அகாதமி விருது வந்தது 2001-ல். அவர் காலமானது 1998-ல்.

அவரும் கைக்காசு போட்டவர்தான். நானும்தான். அப்படியானால் எனக்கு மட்டும் ஏன் பேனா நின்றது?

பி.காம். மூளை அப்போதுதான் வேலை செய்தது. புத்தகம் போட்ட செலவைத் தவறான லெட்ஜரில் எழுதிவிட்டேன் சார்! பதிப்புக் கணக்கில் போக வேண்டிய 14,000-ஐ எழுத்துக் கணக்கில் பற்று வைத்து, 'நஷ்டம்' என்று கடையை மூடிவிட்டேன். இந்த மாதிரித் தப்பு ட்ரையல் பேலன்ஸில் மாட்டாது. இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை அழகாக டேலி ஆகும். பரண் வியாபாரம் படுத்தது நிஜம். அதற்காக, கதை எழுதியபோது ராத்திரி இரண்டு மணிக்குக் கிடைத்த சந்தோஷம் நஷ்டக் கணக்கா?

பழைய நோட்டை எடுத்தேன். கடைசிக் கதையின் அடியில் பெரிதாக 'முற்றும்' போட்டு, இரண்டு கோடு இழுத்து, நட்சத்திரமும் வரைந்திருந்தேன். பாவை மொத்தமாக அறுத்த லட்சணம்! அடுத்ததைப் பிணைக்க ஒரு இழை இல்லை.

மறுபடி கோக்க மூன்று வாரம் பிடித்தது. தாவு தீர்ந்தது. இப்போது தினமும் அரைப் பக்கம் எழுதுகிறேன். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் நிறுத்தி எழுந்துவிடுகிறேன். மறுநாள் உட்கார்ந்தால் மூடைத் தேட வேண்டியதில்லை. பாதி வாக்கியம் காத்திருக்கிறது. வாரப் பத்திரிகைக்காரர்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துப் பெயரும் வைத்துவிட்டார்கள்: 'தொடரும்'.

ஆபீஸ் டிராயரில், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் பாதிக் கதை வைத்திருக்கும் அன்பர்களே! யார் போடுவார்கள் என்பதை அப்புறம் பார்க்கலாம். இன்றைக்கு ஒரு இழை பிணையுங்கள்.

எதிர்வீட்டில் பாவு பிணைத்து முடித்துவிட்டார். ஆர்டர் இன்னும் வரவில்லை. தறிச் சத்தம் கேட்கிறது.