காட்சியும் கருதலும்

ஓர்ஸ் ஹில் மேட்டிலிருந்து இரவில் துறைமுகத்தை நோக்குவார், அக்கரை விளக்கொன்று சிறிதுபோது மறைந்து மீண்டும் ஒளிரக் கண்டால், இடையே ஓடமொன்று சென்றது எனத் துணிவர். கண்டது ஒளியின் மறைவு. அறிந்தது ஓடத்தின் செலவு. முன்னதைக் காட்சி என்றும், பின்னதைக் கருதல் என்றும், நம்பத் தக்கார் சொல்லால் அறிவதை உரை என்றும் நம் அளவை நூலார் வகுத்தனர்.

பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களை இன்றைய வானநூலார் அளக்கும் நெறியும் இதுவே. கோள் தன் விண்மீனின் குறுக்கே செல்லுங்கால் ஒளி சற்றே குறைகிறது. அக்குறைவு கோளின் பருமனையும், குறைவு மீண்டும் மீண்டும் நிகழும் இடைவெளி அதன் ஆண்டையும் உணர்த்தும். விண்மீனின் விட்டத்தில் பத்திலொரு பங்கு விட்டமுடைய கோள் நூற்றிலொரு பங்கு ஒளியை மறைக்கும். நம் பூமி கதிரவனை மறைப்பதோ ஏறத்தாழ 12,000-இல் ஒரு பங்கேயாம். இத்துணை நுண்ணிய வேறுபாட்டை வளிமண்டலத்தின் அசைவு கெடுக்கும் ஆதலின், 2009-இல் கெப்ளர் தொலைநோக்கி விண்ணில் நிறுவப்பெற்றது. அது 2018 வரை பணிபுரிந்து, ஈராயிரத்துக்கு மேற்பட்ட கோள்களை அறியத் துணை நின்றது.

இத்துறை நமக்கு முற்றும் புதிதன்று. சென்னை வானாய்வு நிலையத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார், 1874 டிசம்பர் 9-இல் சுக்கிரன் கதிரவனைக் கடக்கவிருந்ததைப் பொதுமக்களுக்கு விளக்கி, ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் நூல் வெளியிட்டார்.

நிற்க. 124 ஒளியாண்டுத் தொலைவில் கே2-18பி என்னும் கோள் உளது. பூமியினும் 2.6 மடங்கு விட்டமுடையது. 33 நாளில் தன் விண்மீனைச் சுற்றுவது. அதன் வளிமண்டலத்தினூடே வந்த ஒளியை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பகுத்தளித்தது. கேம்பிரிட்ஜ் அறிஞர் நிக்கு மதுசூதன் குழுவினர், அங்கே மெதேனும் கரியமில வாயுவும் உள்ளன என 2023-இல் அறிவித்தனர். டைமெதில் சல்பைடு அல்லது அதனையொத்த பொருளின் அறிகுறி தென்படுவதாக 2025 ஏப்ரலில் உரைத்தனர். நம் கடலில் நுண்ணுயிர்ப் பாசிகள் பிறப்பிக்கும் ஆவி அது. உடனே, உயிர் கண்டறியப்பட்டது எனச் செய்திகள் முழங்கின.

ஆய்வாளர் கூறியது அதுவன்று. அவ்வறிகுறி தற்செயலாய்த் தோன்றும் வாய்ப்பு 0.3 விழுக்காடு என்றனர். கண்டுபிடிப்பென ஏற்க அது 0.00006 விழுக்காட்டினும் குறைதல் வேண்டும் என்பதையும் மறையாது கூறினர். அத்தரவையே மீளாய்ந்த பிறர், போதிய சான்று இல்லை என மறுத்தனர். மேலும், உயிரற்ற வால்மீனொன்றிலும் அவ்வாவி காணப்பட்டுளது. புகை நெருப்பின்றி எழாது. ஆதலின் புகை கண்டு நெருப்பைத் துணியலாம். இவ்வாவியோ உயிரின்றியும் எழும். ஆகவே இக்கருதல் இன்னும் முற்றுப்பெறவில்லை.

பெயர்களையும் எண்களையும் மனப்பாடம் செய்வித்தலோடு நம் வகுப்பறைகள் அமைதல் சாலாது. ஒவ்வொரு செய்தியிலும் அளந்தது எது, கருதியது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என மாணவர் பிரித்துணரப் பழக வேண்டும். அளவை நூலைத் தேர்வுக்கெனப் பயிற்றும் தமிழாசிரியரும், ஒளிநூல் பயிற்றும் அறிவியல் ஆசிரியரும் ஒரு நாளேனும் ஒரே வகுப்பில் நின்று இக்கோளை முன்வைத்துப் பாடம் நடத்துவாராக.