யோகாவுக்கும் அட்டென்டன்ஸ்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இப்போது 'வெல்னஸ்' சீசன். மனநல நாள் வந்தால் போஸ்டர் போட்டி, செமினார் ஹாலில் ஒரு மோட்டிவேஷன் ஸ்பீக்கர், காலையில் யோகா. யோகாவுக்கு வராதவருக்கு ஆப்சென்ட். இதில் இருக்கிற நகைச்சுவை நிர்வாகங்களுக்குப் புரிவதே இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். பிள்ளைகளின் மனதை நசுக்குவதில் கல்லூரியின் சொந்த விதிகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அவற்றைத் தொடாமல் ஆலோசகரை மட்டும் நியமிப்பது, ஒழுகுகிற கூரைக்குக் கீழே வாளி வைக்கிற வேலை. வாளி வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்றைக்கு உடைந்து நிற்கிற பிள்ளைக்கு டெலி மானஸ் 14416 வேண்டும், ஆலோசகரும் வேண்டும். கூரை மேல ஏறுறது எப்போ என்றுதான் கேட்கிறேன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், உயர்கல்வி மாணவர்களின் மனநலத்தை ஆராய முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் ஒரு பணிக்குழுவை அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில் வேறொரு வழக்கில் 15 வழிகாட்டுதல்களைத் தந்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் இருந்தால் தகுதியுள்ள ஒரு ஆலோசகராவது வேண்டும் என்பது அதில் ஒன்று. எல்லோர் கண்ணிலும் பட்டது இதுதான். ஏனென்றால் ஒரு அறை, ஒரு போர்டு, ஒரு ஃபோட்டோ போதும். மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்காதீர்கள், எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தாதீர்கள் என்பதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச்சையே காணோம். அதற்குக் கல்லூரி தன்னை மாற்றிக்கொள்ள வேண்டுமே!

நான் படித்த கல்லூரியில் டெஸ்ட் மார்க்கை ரேங்க் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். பெண்ணோடு பேசினால் விசாரணை, ஐடி கார்டு இல்லையென்றால் அபராதம், எதற்கெடுத்தாலும் "அப்பாவைக் கூட்டிட்டு வா." எங்கள் வகுப்பில் பாதிப் பேர் முதல் பட்டதாரிகள். அப்பா வர வேண்டுமென்றால் ஒரு நாள் கூலி போகும். அவர் எச்.ஓ.டி. அறையில் கைகட்டி நிற்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அப்படி நின்றவனுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்து என்ன ஆகப் போகிறது?

20 பேருக்கு ஒரு ஆசிரியர் என்று 'மென்டர்' முறையும் இருந்தது. ஆய்வுக் குழு வருவதற்கு முந்தைய வாரம், ஒரே மதியத்தில் நாலு செமஸ்டருக்கான படிவங்களை நிரப்பினோம். 'மாணவரின் பிரச்சினைகள்' என்ற கட்டத்தில் 20 பேருக்கும் ஒரே பதில்: 'இல்லை.'

அந்த ஆசிரியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குச் சம்பளம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவருடைய ஒரிஜினல் சர்டிஃபிகேட்கள் ஆபீஸ் பீரோவில் இருந்தன. மே மாதம் வந்தால் ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீடு வீடாகப் போய் அட்மிஷன் பிடிக்க வேண்டும், அதற்கு டார்கெட் வேறு. மாணவர்களின் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யூ.ஜி.சி. 2018-லேயே அறிவித்துவிட்டது. வாத்தியார் சான்றிதழைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு குற்றச்சாட்டை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில், ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேர ஊழியராகக் காட்டப்பட்டிருக்கிறது என்று. எல்லோரும் இதை ஊழல் செய்தியாகத்தான் படித்தோம். மனநலச் செய்தியாகவும் படித்திருக்க வேண்டும். 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது ஏ.ஐ.சி.டி.இ. கணக்கு. காகிதத்தில் மட்டும் இருக்கும் ஆசிரியரின் வகுப்பை யார் எடுப்பார்? நிஜமாக இருக்கிறவர்தான். நாலு பேப்பர், லேப், ஃபைல் வேலை எல்லாம் முடித்தவரிடம் ஒரு பையன் வந்து "சார், தூக்கமே வரல" என்றால், கேட்பதற்கு அவரிடம் காதுதான் மிச்சம் இருக்குமா? ஆசிரியர் நலம், மாணவர் நலம் என்று இரண்டு கமிட்டி போடுவதே ஏமாற்று. இரண்டும் ஒரே கணக்கு.

நான் வேலை பார்க்கும் மென்பொருள் துறை ஒன்றும் சொர்க்கம் இல்லை. ஆனால் ஒரு நல்ல பழக்கம் உண்டு. நள்ளிரவில் சர்வர் விழுந்தால், மறுநாள் கூட்டத்தில் 'யார் தப்பு' என்று கேட்க மாட்டோம். 'இது விழும்படி நம் அமைப்பு ஏன் இருந்தது' என்று கேட்போம். ஒரு பிள்ளை இறந்தால் கல்லூரிகள் கேட்கிற முதல் கேள்வி என்ன? "லவ் ஃபெயிலியரா? வீட்டுல பிரச்சினையா?" தன் பெயர் வராத ஒரு காரணத்தைத் தேடுகிற கேள்வி அது.

"அந்தக் கண்டிப்புதான் உன்னை ஆளாக்கிச்சு" என்று சிலர் சொல்வார்கள். வேலை கிடைத்தவனிடம் மட்டும் கேட்டால் அப்படித்தான் பதில் வரும். மூன்றாம் செமஸ்டரோடு நின்றுபோனவனை எந்த அலும்னி மீட்டுக்கும் யாரும் அழைத்ததில்லை.

செய்ய வேண்டியவை சின்ன விஷயங்கள்தான். மார்க் பட்டியலை ஒட்டாதீர்கள், அவரவருக்கு அனுப்புங்கள். அபராத ரசீதுப் புத்தகத்தை மூடுங்கள். பெற்றோரை அழைப்பது மிரட்டலுக்காக என்றால் அழைக்காதீர்கள். ஆசிரியரின் சான்றிதழைத் திருப்பிக் கொடுங்கள், சம்பளத்தை மாதா மாதம் போடுங்கள், அட்மிஷன் டார்கெட்டை எடுங்கள். ஆலோசகரிடம் பேசியது முதல்வர் மேஜைக்குப் போகாது என்று எழுதிக் கொடுங்கள்.

இவற்றில் பாதிக்கு ஒரு பைசா செலவில்லை. அதையும் செய்ய மனமில்லாத நிர்வாகம் நடத்தும் வெல்னஸ் டே வெறும் அட்மிஷன் விளம்பரம். அதற்குப் பிள்ளைகளைக் காலை ஆறு மணிக்கு எழுப்பாதீர்கள். தூங்கட்டும், அதுவே நல்லது.