பாக்ராமும் காந்தஹாரும்

அந்நியப் படையின் ஆக்கிரமிப்பையும் கடும் மதவாத ஆட்சியையும் ஒரே தலைமுறை மாறி மாறி அனுபவித்த நாடு ஆப்கானிஸ்தான். 1979 டிசம்பரில் சோவியத் படை நுழைந்தது. 1989 பிப்ரவரியில் வெளியேறியது. உள்நாட்டுப் போர் காபூலை இடித்துத் தள்ளிய பிறகு, 1996 செப்டம்பரில் தாலிபான்கள் நகரைப் பிடித்தனர். 2001 அக்டோபரில் குண்டுவீச்சைத் தொடங்கிய அமெரிக்கா இருபது ஆண்டுகள் தங்கியது. 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் மறுபடியும் தாலிபான் கைக்குப் போனது. இரு வல்லரசுப் படைகளுக்கும் பாக்ராம் விமானதளமே பாசறை. தாலிபான் தலைமைக்குக் காந்தஹார். இவற்றில் எதன் கீழ் வாழ்வது கொடிது என்று கேட்பவர்கள், யாருடைய வாழ்க்கை, எந்த ஊரில் என்று முதலில் கேட்டாக வேண்டும்.

ஆக்கிரமிப்பின் சுமை பெரும்பாலும் கிராமங்களின் மேல்தான் விழுந்தது. சோவியத் ஆண்டுகளில் காபூல் பல்கலைக்கழகத்தில் பெண்கள் படித்தார்கள், அலுவலகங்களில் வேலை பார்த்தார்கள். அதே நாட்களில், சோவியத் படையை எதிர்த்துப் போரிட்ட முஜாஹிதீன்களுக்கு இடம் கொடுத்ததாகச் சந்தேகிக்கப்பட்ட ஊர்கள் வானிலிருந்து தகர்க்கப்பட்டன. காலங்காலமாக வயலுக்கு நீர் கொடுத்துவந்த காரேஸ் என்னும் நிலத்தடிக் கால்வாய்கள் பாழாயின. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தார்கள் என்றும், ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாகிஸ்தானிலும் ஈரானிலும் தஞ்சம் புகுந்தார்கள் என்றும் மதிப்பிடப்படுகிறது.

அமெரிக்கக் காலத்திலும் இதே பிளவு தொடர்ந்தது. 2004 அரசியல் சட்டப்படி நாடாளுமன்றக் கீழவையின் 249 இடங்களில் 68 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. காபூல் மாணவிக்கு அது மெய்யான விடுதலை. அதைக் குறைத்து மதிப்பிடுவது அநீதி. ஹெல்மண்ட் மாகாணக் கிராமத்துத் தாய்க்கு அந்த ஆண்டுகள் என்றால் படைகளின் இரவுச் சோதனைதான். நள்ளிரவில் கதவு உடைபடும். ஆண்களின் கைகளைக் கட்டி இழுத்துப்போவார்கள். எங்கே, எதற்கு என்று வீட்டாருக்குச் சொல்ல ஆளிருக்காது. 2002 டிசம்பரில் பாக்ராம் சிறையில் கைதிகள் இருவர் அடிபட்டே இறந்தனர். அவர்களில் ஒருவர் டாக்சி ஓட்டிப் பிழைத்த இளைஞர்.

2015 அக்டோபர் 3 அன்று குந்தூஸ் நகரில் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திய மருத்துவமனையை அமெரிக்கப் போர் விமானம் ஒரு மணி நேரம்வரை சுட்டது. மருத்துவமனை இருக்கும் இடம் முன்கூட்டியே எல்லாத் தரப்புக்கும் தெரிவிக்கப்பட்டிருந்தது. தாக்குதல் நடக்கும்போதே ஊழியர்கள் தொலைபேசியில் மன்றாடினார்கள். நோயாளிகள் படுக்கையிலேயே எரிந்தார்கள். 42 பேர் இறந்தனர். இந்த இருபது ஆண்டுகளில் கொல்லப்பட்ட குடிமக்கள் 46,000க்கும் அதிகம் என்பது அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வின் கணக்கு. இதில் தாலிபான் வைத்த வெடிகுண்டுகளுக்கும் பெரும் பங்குண்டு என்பதை மறைக்கக் கூடாது.

மதவாத ஆட்சியின் கொடுமை வேறு வகை. படையெடுத்து வந்தவனுக்கு நிலமும் கீழ்ப்படிதலும் போதும். மதக் காவலருக்கு உடையும் குரலும் பாட்டும்கூட வேண்டும். முதல் தாலிபான் ஆட்சியில் சோதனைச் சாவடிக் கம்பங்களில், பிடுங்கப்பட்ட கேசட்டுகளின் நாடாக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. பெண்கள் வெளியே தெரியாதபடி வீட்டு ஜன்னல்களுக்குச் சாயம் பூசச் சொன்னார்கள். சிறுபான்மை இனத்தவரான ஹசாராக்களுக்கு அந்த ஆட்சி படுகொலையாகவும் வந்தது: 1998 ஆகஸ்டில் மசார்-இ-ஷெரீபில் அவர்களை வீடு வீடாகத் தேடிக் கொன்றார்கள்.

இரண்டாம் ஆட்சியில் கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2022 மார்ச் 23 காலை, ஏழு மாத இடைவெளிக்குப் பின் மாணவிகள் சீருடையோடு உயர்நிலைப் பள்ளிகளுக்கு வந்தார்கள். சில மணி நேரத்தில் திரும்பிப் போகும்படி உத்தரவு. பலர் அழுதுகொண்டே வீடு திரும்பினார்கள். அந்த டிசம்பரில் பல்கலைக்கழகங்களும் பெண்களுக்கு மூடப்பட்டன. 2024 ஆகஸ்டில் வந்த ஒழுக்கச் சட்டம் பொதுவெளியில் பெண் குரலே கேட்கக் கூடாது என்றது. ஆண்டு முடிவதற்குள் மருத்துவச்சிப் பயிற்சியும் நின்றது. இரவுச் சோதனை நின்றதால் ஹெல்மண்ட் தாய் இன்று அந்த அச்சமின்றி உறங்கலாம். அவளுடைய மகள் ஆறாம் வகுப்போடு நின்றுவிடுவாள்.

ஆக்கிரமிப்பும் மதவாத ஆட்சியும் ஒன்றையொன்று வளர்த்தவை. சோவியத் படையை எதிர்க்க அமெரிக்காவும் சவூதி அரேபியாவும் பாகிஸ்தான் வழியாகப் பணமும் ஆயுதமும் கொட்டின. பாகிஸ்தான் மதரசாக்களில் படித்த அகதிப் பிள்ளைகளே பின்னாளில் தாலிபான் அணிகளை நிரப்பினார்கள். அமெரிக்கக் காலத்து இரவுச் சோதனைகள் தாலிபானுக்கு மேலும் ஆள் சேர்த்துக் கொடுத்தன.

பெண் கல்வி அந்நியர் கொண்டுவந்த சரக்கு என்று தாலிபான்கள் சொல்வதும், அது தாங்கள் கொடுத்த வரம் என்று மேலைநாட்டார் சொல்வதும் ஒரே பொய்யின் இரு பக்கங்கள். அமானுல்லா கான் ஆட்சியில், 1921இலேயே காபூலில் பெண்கள் பள்ளி திறக்கப்பட்டது. 1965 தேர்தலில் நான்கு பெண்கள் நாடாளுமன்றம் போனார்கள். அப்போது அங்கே எந்த அந்நியப் படையும் இல்லை. 1977இல் மீனா என்ற பெண் தொடங்கிய ஆப்கன் பெண்கள் புரட்சிகரச் சங்கம் சோவியத் படையை எதிர்த்தது. முஜாஹிதீன்களையும் தாலிபானையும் எதிர்த்தது. அமெரிக்க ஆக்கிரமிப்பையும் எதிர்த்தது. மீனா 1987இல் குவெட்டாவில் கொல்லப்பட்டார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்ற கட்டாயத்தையே இந்தப் பெண்கள் ஏற்கவில்லை. அவர்கள் பக்கமே நியாயம்.

2025 ஜூலையில், முந்தைய ஆக்கிரமிப்பாளரின் வாரிசான ரஷ்யா தாலிபான் அரசை முதல் நாடாக அங்கீகரித்தது. அதே மாதம் பெண்களை ஒடுக்கிய குற்றச்சாட்டில் தாலிபான் தலைவர் ஹிபத்துல்லா அகுந்த்சாதா மீது பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தது. அக்டோபரில் தாலிபான் வெளியுறவு அமைச்சர் அமீர் கான் முத்தகி டெல்லி வந்தார். ஆப்கன் தூதரகத்தில் அவர் நடத்திய முதல் செய்தியாளர் சந்திப்பில் பெண் செய்தியாளர்களுக்கு இடமில்லை. கண்டனம் எழுந்த பிறகே அடுத்த சந்திப்புக்கு அவர்கள் அழைக்கப்பட்டனர். காபூலோடு தூதரக உறவைப் புதுப்பித்துள்ள இந்திய அரசு, பட்டினியில் வாடும் மக்களுக்கு உணவும் மருந்தும் அனுப்பட்டும். ஆனால் பெண்களுக்குப் பள்ளிக் கதவு திறக்காதவரை அந்த ஆட்சிக்கு அங்கீகாரம் தரக் கூடாது.