திட்டத்தை யார் எழுதுவது?

பெங்களூரில் சொந்தத் தொழில் தொடங்க நினைக்கும் நம்மவர்கள் முதலில் தேடுவது வங்கியை அல்ல. 'புராஜக்ட் ரிப்போர்ட்' எழுதித் தரும் ஆளை. ஓய்வு பெற்ற குமாஸ்தாவாயினும், பீன்யாவில் வேலை போன தொழிலாளியாயினும் இதுவே வழக்கம். அந்த ஆள் நகலெடுத்துத் தரும் அறிக்கையில் மாவு மில்லும் அச்சகமும் ஒரே லாபம் காட்டும்!

எனக்குத் தெரிந்த அன்பர் ஒருவர், வைப்பு நிதியோடு வங்கிக் கடனையும் சேர்த்து இட்லி மாவுத் தொழிலில் இறங்கினார். அறிக்கையில் என்ன இருந்தது என்று கேட்டேன். படிக்கவில்லை என்றார். 26 ஆண்டுகள் அடுத்தவர் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதியவர் அவர்.

வங்கிக்கு எழுதுவது வேறு, தனக்கு எழுதிக்கொள்வது வேறு. இரண்டாவதற்கு ஆங்கிலம் வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். அரிசி, உளுந்து, கூலி, மின்சாரம் எல்லாம் சேர்ந்து பாக்கெட்டுக்கு 40 ரூபாய் அடக்கம், கடைக்குக் கொடுப்பது 48 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 பாக்கெட்டுக்கு 800 ரூபாய் லாபம் என்றுதான் அறிக்கை சொல்லும். 15 பாக்கெட் புளித்துத் திரும்பி வந்தால்? விற்ற 85-இல் கிடைத்த லாபம் 680. திரும்பியதில் போனது 600. மிச்சம் 80 ரூபாய். கடை வாடகை அதிலிருந்துதான் வர வேண்டும். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் ஊர் இது என்பதையும், கடைக்காரர் வைக்கும் பாக்கியையும் மறந்துவிடக் கூடாது.

இதே ஊரில், இதே மாவில், 2005-இல் பி.சி. முஸ்தபாவும் அவர் உறவினர்களும் தொடங்கியதுதான் 'ஐடி ஃப்ரெஷ்'. இன்று பெரிய நிறுவனம். தொடக்கத்தில் சின்னஞ்சிறு சமையலறை, சுமார் 20 கடைகள். நாளுக்கு 100 பாக்கெட் என்ற இலக்கை எட்டவே ஒன்பது மாதம் பிடித்தது. அந்த ஒன்பது மாதத்துக்கு வீட்டுச் செலவு எங்கிருந்து வரும் என்று எத்தனை அறிக்கைகள் கேட்கின்றன?

2015-இல் வந்த முத்ரா திட்டத்தில் ஈடின்றிக் கடன் உண்டு. 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை. ஆயுள் சேமிப்பு முழுவதையும் கொட்டுவதைவிட, இப்படிச் சிறிதாகத் தொடங்கிப் பார்ப்பதே மேல். ஈடில்லை என்றால் திருப்பிக் கட்ட வேண்டாம் என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். அது வேறு கதை.

அன்பரின் கிரைண்டர் ஸ்ரீராமபுரத்தில் விலைக்கு நிற்கிறது. தவணை இன்னும் முடியவில்லை.