அன்னதான சமையல்ல தலைக்கு வலை போட்டா என்ன குறைஞ்சு போச்சு?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன வெள்ளிக்கிழமை அன்னதானத்துல ஒரு பாட்டி சாம்பார்ல கிடந்த முடியை எடுத்து இலை ஓரமா வச்சிட்டு, ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டு எழுந்தாங்க. பரிமாறின எங்களுக்குத்தான் முகத்தை எங்க வச்சிக்கிறதுன்னு தெரியல. மறுநாளே ஒரு பெட்டி தலைவலை வாங்கி வச்சோம். அதுக்குத்தான் இவ்வளவு பேச்சு. "இது என்ன ஆஸ்பத்திரியா?" "வெள்ளைக்காரன் பழக்கம் கோயிலுக்கு எதுக்கு?"

வெள்ளைக்காரன் பழக்கம்தான், மறுக்கல. பின்னந்தலை முடியை மொத்தமா அள்ளிப் போடுற வலைப்பைக்கு 'ஸ்னூட்'னு பேரு. முன்ன ஸ்காட்லாந்துல கல்யாணம் ஆகாத பொண்ணுங்க தலையில கட்டுற நாடாவுக்கு அந்தப் பேர் இருந்துச்சு. யூத சமயத்துல கல்யாணமான பெண்கள் பலர் இன்னைக்கும் ஸ்னூட் போட்டுத்தான் முடியை மூடுறாங்க. அவங்களுக்கு அது பக்தி!

இரண்டாம் உலகப் போர் சமயத்துல பிரிட்டன், அமெரிக்காவுல பெண்கள் கூட்டம் கூட்டமா பெக்டரி வேலைக்கு வந்தாங்க. நீள முடி மெஷின்ல சிக்கினா தலைத்தோலோட வந்துடும். அதனால ஸ்னூட் போட்டாங்க. வெரோனிக்கா லேக்னு ஒரு ஹாலிவுட் நடிகை, ஒரு கண்ணை மறைக்கிற மாதிரி முடியைத் தொங்க விடுவாங்க. அதைப் பார்த்து பெக்டரி பெண்களும் அப்படியே விட, 1943-ல அமெரிக்க அரசாங்கம் கேட்டு அந்த நடிகையே ஸ்டைலை மாத்திக்கிட்டாங்க. நடிகை கேட்டாங்க, நம்ம ஆளுங்க கேக்க மாட்டேங்கிறாங்க.

பெக்டரி லைன்ல வலை போடாம ஒருத்தரையும் உள்ள விட மாட்டோம். தாடிக்குக்கூட தனி வலை இருக்கு. தைப்பூச விரதத்துக்குத் தாடி வளர்த்துட்டு அண்டாவுல குனிஞ்சு கிண்டுற தம்பிகளே, உங்களுக்கும்தான் சொல்றோம். அக்காமார்களே, தலைக்குக் குளிச்சிட்டு ஈர முடியை நுனியில மட்டும் முடிஞ்சிட்டு வந்து காய் நறுக்காதீங்க. பூவா? சமைச்சு முடிச்சிட்டு வச்சிக்கலாம்.

"சாமி காரியத்துல இதெல்லாம் பார்க்கக் கூடாது"ன்னு ஒரு பெரியவர் சொன்னார். ஐயா, சாமிக்குப் படைக்கிற பொங்கல்ல முடி கிடந்தா சும்மா விடுவீங்களா? ஜனங்க சாப்பிடுற சோத்துல கிடந்தா மட்டும் பரவாயில்லையா? உணவைக் கையாளுறவங்க தலையை மூடணும்னு மலேசியாவுல 2009 உணவுச் சுகாதார விதிமுறையே சொல்லுது.

பெட்டி சமையல்கூட வாசல்ல, செருப்பு விடுற இடத்துக்கு மேல மாட்டியிருக்கு. தாடி வலை கீழ் தட்டுல. இந்த வெள்ளி வலை போடாதவங்க அடுப்புப் பக்கம் வேணாம். வெளிய இலை போடுற வேலை நிறைய இருக்கு.