ஆண்டவருக்குக் கிட்ட

இதை வாசித்துவிட்டு எங்கள் ஜெபக்கூட்டத்து ஆட்களில் இரண்டு மூன்று பேர் என்னோடு கதைக்காமல் விடக்கூடும். பரவாயில்லை. கனகாலமாக மனதுக்குள் கிடந்து புழுங்குகிற விசயம், எழுதத்தான் வேண்டும்.

அமெரிக்காவில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூடுகிற எந்த வீட்டுக்கும் போய்ப் பாருங்கள். நியூ ஜேர்சியில் எடிசன் பக்கமென்றாலும் சரி, பே ஏரியாவில் பிரீமொன்ற் என்றாலும் சரி, இங்கே ரெக்சாஸில் ஹூஸ்ரன், டலஸ் என்றாலும் சரி, ஜெபத்தில் ஒரு விண்ணப்பம் கட்டாயம் வரும். "ஆண்டவரே, உமக்கு இன்னும் கிட்ட வரவேணும்." கண்ணை மூடிக் கையை உயர்த்திக் கேட்பார்கள். சிலர் அழுவார்கள். அந்த அழுகை பொய்யில்லை. கிழமையில் ஐந்து நாள் வேலை, இரண்டு நாள் சாமான் வாங்கல், உடுப்புத் தோய்ச்சல், ஊருக்குக் காசு அனுப்பல் என்று காய்ந்துபோன மனுசர் வேறு ஆரிட்டைப் போறது? ஏக்கத்தை நான் குறை சொல்ல வரவில்லை. நான் கேட்கிறது ஒன்றுதான். கிட்ட வரவேணும் எண்டு கேட்கிறீங்கள், சரி. அவர் எங்க நிற்கிறார் எண்டு பார்த்தனீங்களா?

அந்த ஜெபம் முடிந்ததும் என்ன நடக்கிறது? சாட்சி நேரம். ஒருவருக்கு எச்-1பி விசா நீடிப்புக் கிடைத்தது. இன்னொருவருக்கு எட்டு வருசம் காத்திருந்த கிறீன் கார்ட் வந்துவிட்டது. ஒரு அக்காவுக்கு நாலு அறை வீடு, அதுவும் நல்ல பள்ளிக்கூடம் உள்ள இடத்தில். எல்லோரும் அல்லேலூயா சொல்லுகிறோம். காகிதத்தின் அருமை தெரியாமல் நான் இதைச் சொல்லவில்லை, ஒரு காகிதத்துக்காக வருசக்கணக்காக நித்திரையில்லாமல் கிடந்தவன் நான். ஆனால் விசா வந்தவன் ஆண்டவருக்குக் கிட்ட, வராதவனிடத்தில் ஏதோ குறை என்கிற மாதிரி ஒரு அளவுகோல் சத்தமில்லாமல் எங்களுக்குள் வந்து குந்திவிட்டது. விசா மறுக்கப்பட்ட தம்பி ஒருவர் மூன்று மாதம் கூட்டத்துக்கு வரவில்லை. வெட்கமாம்.

இந்த அளவுகோல் எங்கள் ஆட்கள் கண்டுபிடித்ததில்லை. இதன் தலைநகரம் நான் இருக்கிற இந்த மாநிலம்தான். போர்ட் வேர்த் பக்கம் கெனத் கோப்லண்ட், விசுவாசமும் செல்வமும் ஒன்றாக வரும் என்று பல பத்து வருசமாகப் போதித்து, சொந்த விமானத்தில் பறக்கிறார். ஹூஸ்ரனில் லேக்வூட் சேர்ச் இருக்கிறது. முந்தி அது கூடைப்பந்து அரங்கு. ஹூஸ்ரன் றொக்கெற்ஸ் அணி 1994இலும் 1995இலும் சம்பியனான காலத்தில் அங்கேதான் விளையாடினது. 2005 யூலையில் அதைச் சேர்ச்சாகத் திறந்தார்கள், கிட்டத்தட்ட 16,000 இருக்கை. 2010இல் நகரசபையிடமிருந்து 75 லட்சம் டொலருக்குச் சொந்தமாகவே வாங்கிவிட்டார்கள். சிரித்த முகம், நல்ல வெளிச்சம், நல்ல பாட்டு. உன் மிகச் சிறந்த வாழ்க்கை இப்பவே உனக்குக் கிடைக்கும் என்கிற செய்தி. இந்தச் செய்திதான் ரிவி வழியாகச் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய், தமிழ் உடுப்புப் போட்டுக்கொண்டு, எங்கள் சூட்கேசுக்குள் இருந்து திரும்பவும் அமெரிக்காவுக்கே வந்திருக்கிறது.

கூடைப்பந்து என்றதும் எனக்கு வேறொருவரின் ஞாபகம் வருகிறது. ரெக்சாஸுக்கு அடுத்த வீடான லூசியானாவில் பிறந்த இயேசு சபைக் குருவானவர் யூஜின் ஹேபேர்ட். மட்டக்களப்பாருக்கு நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. 1940களின் கடைசியில் இலங்கைக்கு வந்து, புனித மிக்கேல் கல்லூரியில் பெடியளுக்குக் கூடைப்பந்து பழக்கி, கிழக்கிலிருந்து நாடு முழுக்கப் பேசப்படுகிற அணிகளை உருவாக்கினவர். 1990 யூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியது. ஓகஸ்டில் கிழக்கு மாகாணம் எப்படி இருந்தது என்று அங்கே இருந்தவர்களைக் கேளுங்கள். தமிழ்ச் சனம் ஒருபக்கம் சாகுது. காத்தான்குடிப் பள்ளிவாசலிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் சனத்தைப் புலிகள் கொன்று முடித்திருந்த கிழமைகள் அவை. (இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுத எனக்கு உரிமையில்லை.) அந்த நேரத்தில் பாதர் வாழைச்சேனைக்குப் போனார், அங்கே அகப்பட்டிருந்த ஆட்களுக்காக. ஓகஸ்ட் 15ஆம் திகதி ஒரு தமிழ் இளைஞரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பினவர், ஏறாவூர்ப் பக்கத்தோடு காணாமல் போனார். இரண்டு பேரும் இல்லை, ஸ்கூட்டரும் இல்லை. விரும்பியிருந்தால் அந்த மனுசன் லூசியானாவுக்குத் திரும்பிப் போய் வயது போன குருமார் விடுதியில் நிம்மதியாக இருந்திருக்கலாம்.

ஒரு அமெரிக்கக் கூடைப்பந்துத் திடல் எங்களுக்கு வெற்றி வாழ்க்கையைச் சொல்லித் தருகிறது. இன்னொரு அமெரிக்கரின் கூடைப்பந்துத் திடலை மட்டக்களப்பில் மறக்கவில்லை, ஆனால் இங்கே எங்கள் கூட்டங்களில் அவர் பெயரை ஒருதரம்கூட நான் கேட்டதில்லை.

2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டியில் பிலிப் நேரியார் கோயிலுக்குள் தஞ்சமிருந்த சனத்தின் மேல் எறிகணை விழுந்தது. பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அந்தச் சனத்தோடு நின்றவர். 20ஆம் திகதி அவரும் காணாமல் போனார். பாதர் பிரான்சிஸ் யோசப், யாழ் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர். 2009 மே 10ஆம் திகதி, ஷெல் மழைக்குள் இருந்தபடியே, சனம் படுகிற பாட்டை எழுதிப் பாப்பரசருக்குக் கடிதம் அனுப்பினார். மே 18இல் வட்டுவாகல் பக்கம் சரணடைந்தவர்களோடு சேர்ந்து ஆமியிடம் போனவரைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். பிறகு கண்டவர்கள் இல்லை. அவர் தனியாக வெளியே வந்திருக்கலாம், வயது போன குருவானவர், ஆமியும் விட்டிருக்கும். கூட நடந்தார்.

"தேவனோடு நடத்தல்" என்று எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம். ஏனோக்கு நடந்தான், நோவா நடந்தான் என்று ஆதியாகமத்திலிருந்து தொடங்குவார்கள். நடை என்றால் காலால் போறது என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. இருந்த கதிரையில் இருந்துகொண்டே நெருங்குவது எப்படி என்றுதான் மூன்று நாள் உபவாசக் கூட்டம் வைக்கிறோம்.

ஒரு பாஸ்ரரிடம் இதைக் கதைத்தேன். நல்ல மனுசர், பைபிள் நன்றாகத் தெரியும். "தம்பி, நீங்கள் சொல்றது கிரியை. நாங்கள் கிருபையாலே இரட்சிக்கப்பட்டனாங்கள். ஜெபம் இல்லாத சேவை வெறும் தொண்டு நிறுவனம்" என்றார். ஜெபத்தைப் பற்றி அவர் சொன்னது சரி. நான் எழுதின குருமார் எல்லோரும் தினமும் பூசை வைத்தவர்கள், செபமாலை உருட்டினவர்கள். ஆனால் மத்தேயு 25ஆம் அதிகாரம் என்னைவிட அவருக்குத் தெரியும். நியாயத்தீர்ப்பில் ஆண்டவர் தான் இருந்த இடங்களைத் தானே சொல்கிறார். பசி, தாகம், அந்நியன், உடுப்பில்லாதவன், நோயாளி, சிறையில் கிடப்பவன். நான் சம்பளம் பேசவில்லை ஐயா, விலாசம் சொல்கிறேன். இந்த ஆறில் நாலு அறை வீடு எங்கே இருக்கிறது?

எங்களுக்கு அந்த விலாசம் தூரமில்லை. நியூவாக் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் எலிசபெத் என்ற ஊரில் ஒரு பழைய பண்டகசாலையைக் குடிவரவுத் தடுப்பு முகாமாக்கி 1990களிலிருந்து வைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து வருகிற ஊழியக்காரரை ஏற்ற நியூவாக்குக்குப் போகிற நியூ ஜேர்சித் தமிழ்ச் சபையார் அதற்குக் கிட்டத்தான் கார் ஓட்டுகிறார்கள். கிட்ட, ஆனால் உள்ளே இல்லை. அங்கே ஃபேர்ஸ்ட் பிரண்ட்ஸ் என்ற அமைப்பு தடுப்பில் உள்ளவர்களைப் பார்க்கிறது, கடிதம் எழுதுகிறது. ஹூஸ்ரனுக்கு வடக்கே கொன்றோவில் இன்னொரு பெரிய முகாம்.

இதற்குள் எங்கள் ஆட்கள் இல்லை என்று நினைக்காதீர்கள். விஜயகுமார் துரைசிங்கம் என்ற ஈழத்தமிழர் 2017இல் மெக்சிகோ எல்லையைக் கடந்து கலிபோர்னியாவுக்குள் வந்து பிடிபட்டார். கடத்தி அடிக்கப்பட்டதாகச் சொன்ன விவசாயி. அவருடைய வழக்கு வோஷிங்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 யூன் 25இல் 7-2 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அகதிக் கோரிக்கையின் முதல் கட்டத்தில் நிராகரிக்கப்பட்ட அவரைப் போன்றவர்கள் அந்த முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்கிற வழி அதோடு அடைபட்டது. சட்டக் கல்லூரிகளில் ஒரு தமிழ்ப் பெயரை வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். அந்தக் கிழமை எங்கள் ஜெபக் குறிப்பில் அந்தப் பெயர் வரவில்லை. நான் சொன்னேன். "அவையள் சட்டவிரோதமாய் வந்தவை" என்று பதில் வந்தது. எந்த வழியால் வந்தாலும் அகதிக் கோரிக்கை வைக்கலாம் என்று 1980இல் இந்த நாடே சட்டம் எழுதியது. பிறகு வந்த அரசாங்கங்கள் அதைச் சுருக்கிக்கொண்டு வருவது வேறு கதை. 2026 நிதியாண்டுக்கு முழு உலகத்துக்குமாக 7,500 அகதிகள்தான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். லேக்வூட் இருக்கையில் பாதியும் நிரம்பாது.

நானும் வந்த புதிதில் இப்படி ஒரு இடத்தில் நாலு மாதம் கிடந்தவன். எந்த இடம் என்பது இங்கே தேவையில்லை. கிழமைக்கு ஒருதரம் ஒரு வெள்ளைக்காரக் கிழவி வருவா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து ரெலிபோனில் கதைப்பா, என் இங்கிலீசு அவவுக்கு விளங்காது, அவவின் இங்கிலீசு எனக்கு விளங்காது. பைபிள் கொண்டு வரவில்லை, மனம் மாறு என்று சொல்லவுமில்லை. மழை பெய்யுதோ என்று நான் கேட்பேன், உள்ளே இருந்தால் வானம் தெரியாது. அவ கையால் காட்டுவா. பதினைந்து மைலில் ஒரு தமிழ்ச் சபை இருந்தது என்று வெளியே வந்த பிறகுதான் அறிந்தேன். அந்த நாலு மாதமும் அங்கே விடிய விடிய ஜெபம் நடந்திருக்கிறது, ஆண்டவருக்குக் கிட்ட வர.

வருகிற மாதம் எங்கள் உபவாசக் கூட்டம். தலைப்பு "நெருங்கி நடத்தல்". மண்டபத்திலிருந்து கொன்றோ நாற்பது மைல். உள்ளே இருப்பவரைப் பார்க்க அவருடைய பெயரும் ஏ நம்பரும் வேணும், உங்கள் அடையாள அட்டை வேணும். ஒரு தமிழ்ப் பெடியனின் பெயரும் நம்பரும் என்னிடம் இருக்கிறது. உங்கள் விசாவுக்குப் பயமென்றால் நீங்கள் வரவேண்டாம், ஒரு கடிதம் எழுதித் தாங்கள், கொண்டுபோய்த் தபாலில் போடுகிறேன். சனிக்கிழமை காலமை ஏழு மணிக்கு வெளிக்கிடுறன், காரில் மூன்று இடம் இருக்கு.