சறுக்கின் கீழே என்ன இருக்கிறது?



போன மாதம் என் இரண்டாம் தரத்து மாணவன் ஒருவன் பாடசாலைச் சறுக்கின் மேல்படியிலிருந்து விழுந்தான். கீழே சீமெந்துத் தரை. கை முறிந்தது. பொரளை சிறுவர் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த உம்மா என்னிடம் முதலில் சொன்னது: "மன்னிச்சுக்கொள்ளுங்க டீச்சர், இவன் ஒரு இடத்தில இரிக்க மாட்டான்."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியது நாங்கள்.

மறுநாள் சறுக்கைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். இனி யாரும் ஏறக் கூடாதாம். தொடர்மாடியிலும் நெருக்கமான தோட்டங்களிலும் வளரும் இந்தப் பிள்ளைகளுக்கு ஓடி விளையாட வேறு இடம் ஏது? ஏழு வயதுப் பிள்ளை ஏறும், விழும். நாங்கள் மாற்ற வேண்டியது விழும் இடத்தை.

2023 நவம்பரில் வெல்லம்பிட்டியில் பாடசாலைத் தண்ணீர்க் குழாய்ச் சுவர் இடிந்து முதலாம் தரத்துப் பிள்ளை இறந்தபோது எல்லோரும் சுவர்களைப் பற்றிப் பேசினோம். தரையைப் பற்றி யாரும் பேசவில்லை.

அமெரிக்க நுகர்வோர் உற்பத்திப் பாதுகாப்பு ஆணைக்குழுவின் கைநூல் தெளிவாகச் சொல்கிறது: ஏறி விளையாடும் சாதனங்களுக்குக் கீழே சீமெந்து, தார் கூடாது. புல்லும் வெறும் மண்ணும்கூடப் போதாது, மிதிபட்டு இறுகிவிடும். 4 அடி உயரத்துக்கு 9 அங்குலம் தளர்வான மணல் வேண்டும். சுற்றிவர 6 அடி வெளி விட வேண்டும்.

கணக்குப் பார்ப்போம். சறுக்கு 2 அடி அகலம், 8 அடி நீளம் என்றால் மணல் போடும் இடம் 14 அடிக்கு 20 அடி. 9 அங்குல ஆழத்துக்கு 210 கன அடி. அதாவது இரண்டு கியூப் மணலும் கொஞ்சமும். ஓரத்துக்குப் பலகை, இரவில் பூனை வராமல் மூட ஒரு படங்கு. மழைக்கு மணல் இறுகும், ஆகவே கிழமைக்கொரு முறை கிளறிவிட வேண்டும். அவ்வளவுதான்.

"வெள்ளைச் சட்டை ஊத்தையாகும், வகுப்பெல்லாம் மணல் வரும்" என்பார்கள். வரட்டும், கூட்டிக்கொள்வோம். முறிந்த கையோடு அந்தப் பிள்ளை ஒரு தவணை முழுக்க எழுதாமல் இருப்பதை விட அது லேசு.

பழைய மாணவர் சங்கங்களுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். முற்றத்துக்கு இன்டர்லொக் கல் பதித்துப் பெயர்ப்பலகை வைப்பதற்கு முதல், சறுக்குக்கும் ஊஞ்சலுக்கும் கீழே மணல் போட்டுத் தாருங்கள். உம்மா வாப்பாவின் பெயரில் ஸதகா செய்ய நினைப்பவர்களுக்கும் இது நல்ல இடம்.

நாளைக் காலை பிள்ளையைப் பாடசாலையில் விடும்போது ஒரு நிமிடம் நின்று சறுக்கின் கீழே பாருங்கள். சீமெந்து என்றால் அதிபரிடம் போய்ப் பேசுங்கள். நானும் எங்கள் அதிபரிடம் பேசப் போகிறேன், இன்ஷா அல்லாஹ்.